மரத்தூள் போடச் சொன்னார்கள்

இப்போது மாடிப்படி ஏறினால் ஏழாவது படியில் நின்றுவிடுகிறேன். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுகிறேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆஸ்துமா கிடையாது, எங்கள் வீட்டில் யாருக்கும் நெஞ்சு நோய் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நாட்களில், "அந்தம்மாவுக்கு ரொம்ப நாளாவே வீசிங் இருக்குது" என்று என் முதலாளி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் போனால் கோபம் தணிந்துவிடும் என்றார்கள். தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுகுணா. ஊர் முசரவாக்கம். வீட்டுக்காரர் தனசேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் எட்டு வருடம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். பட்டறை என்றதும் தறியை நினைக்க வேண்டாம். கிழிந்த, சாயம் போன பட்டுப்புடவைகளை மூட்டை மூட்டையாக வாங்கி, சரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிற இடம் அது. கரையையும் முந்தானையையும் கத்தரித்து எடுப்பது என் வேலை. கத்தரித்ததை எரித்துச் சாம்பலாக்கி, பின்பக்கத்து அறையில் நைட்ரிக் ஆசிட்டில் போடுவார்கள். வெள்ளி அதில் கரைந்துவிடும். அப்புறம் உப்புத் தண்ணீர் விட்டுப் படியவைத்து, அதை உருக்குவார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் முனுசாமி அண்ணன். ஓரிக்கைக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஆசிட் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் மஞ்சள் பூசியது போலவே இருக்கும். எட்டு வருடத்தில் அவர் கையில் ஒரு நாளும் உறை பார்த்ததில்லை. முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்குப் புது கேன் வந்தது. முப்பத்தைந்து லிட்டர். வண்டிக்காரன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். முனுசாமி அண்ணன் அதைச் சாய்த்து உருட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோனார். அறை வாசற்படியில் கேன் வழுக்கி விழுந்தது. மூடிக்குக் கீழே விரிசல் விட்டு, ஆசிட் குபுகுபுவென்று தரையில் ஓடியது.

சத்தம் கேட்டு நான் போய்ப் பார்த்தபோது அவர் செருப்போடு படிமேல் ஏறி நின்றிருந்தார். காலில் படவில்லை. முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மேனேஜரும் கூடவே எட்டிப் பார்த்தார். இரண்டு பேருமே கீழே இறங்கவில்லை.

"மரத்தூள் மூட்டை இருக்குது பாரு முனுசாமி. எடுத்து மேல கொட்டு. ஊறட்டும். தெருவுக்கு ஓடிடப் போவுது."

கொட்டினார். முழு மூட்டையையும் கொட்டினார். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

மரத்தூள் ஆசிட்டை உறிஞ்சவில்லை. ஒரு நிமிஷம் சும்மா கிடந்தது, அப்புறம் சுர் என்று சத்தம் வந்தது. கீழே சரிகைக் கம்பித் துணுக்குகள் வேறு கிடந்தன. சரிகையில் வெள்ளியோடு செம்பும் உண்டு. செம்பின் மேலும் ஆசிட் பாய்ந்தது. புகை கிளம்பியது. வெள்ளைப் புகை இல்லை. செங்கல்லைப் பொடி செய்து ஊதினால் எப்படி இருக்கும், அந்த நிறம். மேலே எழும்பாமல் முட்டி உயரத்தில் பரவி, அறையைவிட்டு வெளியே வந்தது. காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்று அங்கே உண்டு. அது சுற்றி ஒரு வருடமாகிறது.

அந்த நேரத்தில் ஒருவர், ஒரே ஒருவர், "எல்லாரும் வெளிய போங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. முதலாளி சொன்னது வேறு.

"சுகுணா, அந்த ரூம் ஓரமா மூணு மூட்டை புடவை இருக்குது. நனைஞ்சுடப் போவுது. இழுத்துப் போடும்மா."

நான் போனேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஒரு மூட்டையை இழுத்தேன். வெளியே வந்து இருமினேன். மறுபடி போனேன். மறுபடி போனேன். மூன்று மூட்டையையும் எடுத்தேன். யாரோ கட்டிக் கிழித்த புடவைகள். எரிக்கப் போகிற புடவைகள். அதற்காக மூன்று தடவை போனேன். ராத்திரி தூக்கம் வராதபோது எனக்கு முதலாளி மேல் வருகிற கோபத்தைவிட அந்த மூன்றாவது தடவை போனவள் மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. குழாயடியில் முகம் கழுவினோம். முனுசாமி அண்ணன் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது. உண்மையாகவே சரியாகிவிட்டது. அதுதான் இந்தப் புகையின் துரோகம். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விளக்கினார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புகை ஈரம் பட்ட இடத்தில் மறுபடி ஆசிட்டாக மாறும். ஆனால் தண்ணீரில் சட்டென்று கரையாது. அதனால் மூக்கையும் தொண்டையையும் அதிகம் சுடாமல் தாண்டிப்போய், நுரையீரலின் அடி ஆழத்தில், காற்று ரத்தத்தோடு கலக்கிற சின்னச் சின்னப் பைகளில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சுடும். சுட்ட கையில் கொப்புளம் நீர் கோப்பது போல அந்தப் பைகளில் நீர் கோக்கும். அதற்கு நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு முழு நாளும் ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார், வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார்.

பேருக்குக் காட்டிவிடலாம் என்று மேனேஜர் என்னை மட்டும் ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப்போனார். முனுசாமி அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளினிக்கில் நான் வாயைத் திறக்கும் முன்னால் மேனேஜர் பேசினார்.

"பாத்ரூம் கழுவுற ஆசிட் சார். நெடி ஏறிடுச்சு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பொய் என்று தெரியும். ஆனால் மூச்சு நன்றாக இருந்தது, அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும், மேனேஜர் கூடவே இருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஒரு ஊசி போட்டார்கள். மருந்துப் புகையை மூக்கில் பத்து நிமிஷம் பிடிக்கச் சொன்னார்கள். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். என்ன புகை என்று தெரிந்திருந்தால் அவர்கள் என்னை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். அந்தப் பொய்யில் என் தலையாட்டலும் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. நிற்கவில்லை. நெஞ்சுக்குள் சோப்பு நுரையை ஊற்றினது போல களகளவென்று சத்தம். துப்பினேன். ரோஸ் நிறத்தில் நுரை. வடித்த கஞ்சி தரையில் கொட்டியது. என் மகள் டியூஷன் போயிருந்தாள். வீட்டுக்காரர் சவாரியில் இருந்தார்.

பக்கத்து வீடு என் நாத்தனார் விஜயாவுடையது. என் வீட்டுக்காரருக்குத் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடுகிற கால்வாயின் எல்லைக் கல் விஷயமாக எங்களுக்குள் சண்டை. இரண்டு வருடம் பேச்சில்லை. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் என் இருமலைக் கேட்டிருக்கிறாள். வந்து கதவைத் தள்ளினாள். என் உதட்டைப் பார்த்தாள்.

"அண்ணி, உதடு நீலமா இருக்குது. படுக்காத. நிமிந்து உக்காரு. என் மேல சாஞ்சுக்கோ."

அதுதான் இரண்டு வருடத்துக்கப்புறம் அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு. தெருவில் போன ஒரு லோடு ஆட்டோவை மறித்தாள். பின்னால் சிமெண்ட் தூசியில் உட்கார்ந்து, என்னைத் தன் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். அவர் முதலாளிக்குச் சொல்ல, எங்களுக்கு முன்னாலேயே மேனேஜர் அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் கிளினிக் சீட்டு.

பணியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. விரலில் மாட்டுகிற கிளிப்பில் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று எண் காட்டும். நல்ல ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கும். எனக்கு எழுபத்திரண்டு. எனக்கு முகமூடி மாட்டிவிட்டபடியே டாக்டர் கேட்டார், "என்ன ஆச்சு?"

"பாத்ரூம் ஆசிட் மேடம்," என்றார் மேனேஜர். "காலையிலயே டிரீட்மெண்ட் குடுத்துட்டோம். அந்தம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங்."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. புகை வந்துச்சா? என்ன கலர்?"

நான் முகமூடியைத் தூக்கினேன். "செங்கல் பொடி."

அவர் முகமூடியை மறுபடி அழுத்தி மாட்டிவிட்டுக் கேட்டார், "நைட்ரிக் ஆசிட்டா?"

தலையை ஆட்டினேன். காலையில் பொய்க்கு ஆட்டிய அதே தலை.

"பயத்துல ஏதோ சொல்றாங்க மேடம்," என்றார் மேனேஜர்.

விஜயா அவர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போய்யா வெளிய. அவங்க மூச்சு வுட முடியாம சொல்றாங்க. நீ நல்லா மூச்சு வுட்டுக்கினு பொய் சொல்ற."

டாக்டர் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். விபத்து, அடிதடி என்று வருகிறவர்களுக்கு ஏ.ஆர். என்று ஒன்று போடுவார்கள். எங்கே, எப்படி, எதனால் என்று எழுதிப் போலீசுக்கும் தகவல் போகும். அதில் நைட்ரிக் ஆசிட் என்று எழுதியதை நான் பார்த்தேன். எழுதி முடித்துவிட்டு அவர் கேட்டார், "அந்த ரூம்ல இன்னும் யார் இருந்தாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்தூளைக் கொட்டியவர் என்னைவிட அதிக நேரம் உள்ளே இருந்தவர்.

விஜயா ஓரிக்கைக்குப் போன் போட்டாள். முனுசாமி அண்ணனின் வீட்டம்மா எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

"அவருக்கு இன்னாம்மா, நல்லாத்தான் கீறாரு. கொஞ்சம் இருமிக்கினு இருக்காரு. சாப்ட்டுட்டுப் படுத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குலாம் போவ வேணாம், பேரு கெட்டுடும்னு முதலாளி சொன்னாராம்."

டாக்டர் போனை வாங்கினார். "அம்மா, நான் டாக்டர் பேசுறேன். அவரை எழுப்புங்க. எழுப்பி உக்கார வைங்க. நடக்க விடாதீங்க. நான் நூத்தெட்டு அனுப்புறேன்."

"தூங்கறாரேம்மா."

"அம்மா, எழுப்பிப் பாருங்க."

போன் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தம்மா அழுகிற சத்தம் கேட்டது.

அவரை என்னைவிட மோசமான நிலையில் கொண்டுவந்தார்கள். தொண்டையில் குழாய் விட்டு மிஷினில் போட்டார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் அவருடைய மிஷின், இந்தப் பக்கம் என்னுடையது.

எனக்குக் குழாய் போடவில்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டுகிற ஒரு முகமூடி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், நுரையீரலில் தேங்கின நீர் பின்வாங்குவதற்காக. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினால் மூச்சு முட்டுமே, அப்படி, நாலு நாள் நிற்காமல். தண்ணீர் கேட்டால் முகமூடியைக் கழற்றி இரண்டு வாய், உடனே மறுபடி மாட்டுவார்கள். கழற்றுகிற அந்த அரை நிமிஷத்தில் செத்துவிடுவேன் என்று தோன்றும். மாட்டினதும் இதிலேயே செத்துவிடுவேன் என்று தோன்றும்.

மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். வழக்கமாக எடுக்கிற ரத்தம் இல்லை. பிராணவாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, ஆழத்தில் துடிக்கிற குழாயிலிருந்தே எடுக்க வேண்டும். எலும்பில் ஊசி படுகிற மாதிரி வலிக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அந்த இரண்டு தலைகளை நான் நினைத்துக்கொள்வேன். அழுகை வராது.

என் வீட்டுக்காரருக்கு அந்த எண் காட்டுகிற பெட்டியைப் படிக்கத் தெரிந்துவிட்டது. பார்வையாளர் நேரத்தில் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஷேர் ஆட்டோவில் ஸ்டாப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அதே குரலில், "தொண்ணூறு," என்பார். மறுநாள், "தொண்ணூத்தி ரெண்டு." எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும். நர்ஸ் அவரை வெளியே அனுப்பிவிடுவார்.

விஜயா தினமும் வந்தாள். இங்கிதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. முகமூடி வார் அழுத்தி என் முடி சிக்காகி நாறிப்போயிருந்தது. ஒரு மதியம், நர்ஸிடம் கேட்டுவிட்டு, முகமூடியைத் தொடாமல் இழை இழையாகச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போகும்போது, "கால்வா கல்ல எங்க பக்கமே தள்ளி வெச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் முகமூடி கழன்று, மூக்கில் சின்னக் குழாய் மட்டும். அன்றைக்கு முதலாளி பழத்தோடு வந்தார். என் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எட்டு வருஷமா நம்ம கிட்ட இருக்கற. உன்னை வேத்தாளா நெனச்சதே இல்லம்மா. ஏதோ தெரியாம நடந்துபோச்சு. நாளைக்கு ஆபீசருங்க வருவாங்க. பாத்ரூம் கழுவுறதுன்னு சொல்லிடு. நான் உன்னை நல்ல ஆஸ்பத்திரிக்கு மாத்தி, எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

"ஏன் மரத்தூள் போடச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணெ கொட்டினா போடுவோமில்ல? அந்த ஞாபகத்துல."

பதினைந்து வருடமாக ஆசிட் வைத்துத் தொழில் செய்கிறவர். எண்ணெய் ஞாபகமாம்.

"புடவ மூட்டைய எடுக்கச் சொன்னது எந்த ஞாபகத்துல?"

அவர் பழப் பையைக் கட்டிலில் வைத்தார். எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போனார். முனுசாமி அண்ணனுக்குக் குழாய் எடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது. அங்கே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். மெல்லிய குரலில். திரை என்பது துணிதான். எனக்கு எல்லாமே கேட்டது. அண்ணன் பையனுக்குப் பட்டறையில் வேலை போட்டுத் தருகிறேன் என்பதும் கேட்டது.

மறுநாள் தொழிற்சாலைகளைப் பார்க்கிற ஆபீசர் ஒருவரும் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரும் வந்தார்கள். காலையில் என் வீட்டுக்காரர் கஞ்சி ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே, "பெரிய இடம் சுகுணா. நமக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் வந்த கோபத்தில்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். கேன், படி, மரத்தூள், மூன்று மூட்டை, ஓடாத ஃபேன், மாடியில் நின்றவர்கள்.

தீயணைப்புக்காரர் என் வயதுதான் இருப்பார். நான் கேட்டேன், "சார், நாங்க இன்னா செஞ்சிருக்கணும்?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணுமே செஞ்சிருக்கக் கூடாதும்மா. எல்லாரும் வெளிய வந்து, கதவ சாத்திட்டு, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமா தள்ளி நின்னு, எங்களக் கூப்ட்டிருக்கணும். மரத்தூள், துணி, சாக்கு, எரியற சாமான் எதையும் அந்த ஆசிட் மேல போடக் கூடாது. மூஞ்சில துண்டு கட்டினா இந்தப் புகைய அது தடுக்காது. காய்ஞ்ச மணல் கூட, மாஸ்க் போட்டு பழகினவங்கதான் போடணும். வெளிய வந்தவங்க நல்லா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. எந்த ஆசிட்னு கேன்ல ஒட்டியிருக்கறத போன்ல படம் புடிச்சு எடுத்துக்கினு போவணும்."

எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். எட்டு வருடத்தில் அந்த ஐந்து நிமிஷம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் போனார்கள். முனுசாமி அண்ணன் குரல் குழாயால் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் கேட்டது. "பாத்ரூம் கழுவுறது சார். நான் ரூமுக்குள்ள போவல."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அன்று மாலையே அவரை முதலாளி வேறொரு நர்சிங் ஹோமுக்கு மாற்றிக் கொண்டுபோனார். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தாண்டிப் போகும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. இமை துடித்தது.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். டாக்டரம்மா எச்சரித்தே அனுப்பினார். "மூணு வாரம் கழிச்சு இது திரும்ப வரலாம். புண் ஆறும்போது தழும்பு வுழும். சின்னச் சின்னக் காத்துக் குழாய் எல்லாம் அந்தத் தழும்புல அடைச்சுக்கும். காய்ச்சலோ மூச்சோ, உடனே வாங்க."

வந்தது. இருபத்திரண்டாம் நாள். காய்ச்சல், வறட்டு இருமல், கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் நாய் போல மூச்சு. மறுபடி அதே ஆஸ்பத்திரி. ஸ்கேனில் நுரையீரல் படம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். தழும்பு மேற்கொண்டு இறுகாமல் தடுக்கிற மருந்து. அது வேலை செய்தது. கூடவே முகத்தைப் பூசணிக்காய் போல ஊதவைத்தது, தூக்கத்தைக் கெடுத்தது, எந்நேரமும் பசியைக் கொடுத்தது. ஏற்கெனவே இருந்த கோபத்துக்கு எண்ணெயும் ஊற்றியது. மாத்திரைக்கு இப்படிக் கோபம் வரும் என்று டாக்டர் சொன்னார். எல்லாவற்றையும் மாத்திரை மேல் போடாதீர்கள் என்றேன்.

அடுத்த மாதம் ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்காக வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழாயில் வாயை வைத்து, இழுத்த மூச்சை ஒரே தம்மில் ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அது கோடு போட்டுக் காட்டும். என் கோடு நல்ல ஆளுடையதில் பாதி.

வெளியே வந்தபோது வரிசைக் கடைசியில் முனுசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆளே இல்லை. வீட்டம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தம்மா கூப்பிட்டார்.

"சுகுணா, அங்க ஆஸ்துமான்னு சொல்லி மருந்து இழுக்கக் குடுத்தாங்கம்மா. ஒண்ணும் கேக்கல. பையனையும் பத்து நாள்ல நிறுத்திட்டாங்க."

அவருக்கும் என்னைப் போலவே இரண்டாம் தடவை வந்திருந்தது. ஆஸ்துமா என்று எழுதியிருந்ததால் யாரும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கவில்லை. ஐந்து வாரம் வீணாகியிருந்தது.

அவர் முறை வந்தது. வீட்டம்மாவால் தனியாகத் தாங்க முடியவில்லை. இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். வாய் நிறையக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் பிடித்தேன். அன்று இருந்தது புது டாக்டர். நர்சிங் ஹோம் பேப்பர்களைப் புரட்டினார்.

"ஆஸ்துமான்னு போட்டிருக்கு. எத்தனை வருஷமா இருக்கு?"

வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியது அவர்.

"பெரியவரே, கேக்குறேனே."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேஜை மேல் தன் இரண்டு கையையும் விரித்து வைத்தார். மஞ்சள் இன்னும் போகவில்லை.

"ஆஸ்துமா இல்ல சார். நைட்ரிக் ஆசிட். முப்பத்தஞ்சு லிட்டரு. மரத்தூள கொட்டினது நான்தான். கொட்டச் சொன்னது முதலாளி." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினார். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். எங்க சொல்லணுமோ அங்க மாத்திச் சொல்றேன்."

நடைபாதையில் என்னிடம், "மன்னிச்சுடும்மா," என்றார். நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஆபீசரைப் பார்க்க என் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் இரண்டு பேரும் போனோம். நமக்கெதுக்கு என்று கேட்ட அதே மனுஷன், ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு நடக்கிறது. முனுசாமி அண்ணனுக்கு இப்போது மாத்திரை நடக்கிறது. வீட்டில் சிலிண்டர் வைத்திருக்கிறார். குணமாகிவிடும் என்று டாக்டர் அவரிடம் பொய்யாகச் சொல்வதில்லை.

இதை எழுதி முடிக்கலாம் என்று இருந்தபோது, நேற்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். சின்னப் பெண் குரல்.

"அக்கா, நீங்க முன்னாடி சரிக பட்டறைல இருந்தீங்களாமே. நான் அந்த முதலாளிகிட்டதான் புதுசா சேந்திருக்கேன். இப்ப வேற தெருவுல நடக்குதுக்கா. வெளிய போர்டு இல்ல. உங்களப் பத்தி ஒருத்தர் சொன்னாரு. அந்த ஆசிட் அவ்ளோ டேஞ்சராக்கா?"

என்ன நிறப் புகை என்று சொன்னேன். வந்தால் கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போ என்றேன். முதலாளி திட்டுவாரே என்றாள். திட்டட்டும், கேட்க நீ இருப்பாய் என்றேன். "முதல்ல கதவு எங்க இருக்குதுன்னு பாத்துக்கோ."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கதவ வெளிய இருந்து பூட்டிடுவாங்கக்கா. ஆபீசருங்க வந்தா யாரும் இல்லாத மாதிரி தெரியணுமாம்."

எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஆபீசருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தீயணைப்புக்காரருக்குப் போட்டேன். எடுத்தார், வருகிறேன் என்றார். அப்புறம் ஓரிக்கைக்குப் போட்டேன்.

"அண்ணே, முதலாளி மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. கெளம்புங்க. ஆட்டோ அனுப்பறேன்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. சிலிண்டரை எடுத்து வைக்கச் சொல்லி வீட்டம்மாவிடம் சொல்கிற குரல் கேட்டது.